பிரேக் பாண்டி ஏறிய மலை ராட்டினம்

எங்கள் பனியன் கம்பெனி கேட்டில் வந்து ராஜபாண்டி என்று விசாரித்தால் வாட்ச்மேன் கொஞ்சம் யோசிப்பார். பிரேக் பாண்டி என்று கேளுங்கள், "நிட்டிங்குல இருப்பாருங்க, போங்க" என்று உடனே கையைக் காட்டிவிடுவார்.

பேர் சும்மா வந்ததில்லை. அவன் டி.வி.எஸ். ஃபிப்டி ஓட்டுவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். இரண்டு காலையும் தொங்கப்போட்டு, செருப்பு தேயத் தேய வருவான். பிரேக்கை விட்டு விரலை எடுக்கவே மாட்டான். பின்னால் பல்லடம் பஸ் ஹாரன் அடித்தால் வண்டியை விட்டு இறங்கியே நின்றுவிடுவான். பஸ் போய், புழுதி அடங்கி, அதற்கப்புறம்தான் மறுபடி ஏறுவான். நல்லூரிலிருந்து நடந்து வருகிற நான் அவனுக்கு முன்னால் கம்பெனிக்குள் நுழைந்த நாட்கள் எத்தனையோ. "பாண்டி, பொழுதோட நீ நடந்து வா, வண்டிய நான் ஓட்டிட்டுப் போறேன்" என்று கேலி பேசுவேன். வாய்விட்டுச் சிரிக்க மாட்டான். உதட்டை மட்டும் லேசாக இழுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

நான் ஆயம்மாள். அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இருபது வருஷமாகப் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடுகிறவள். என் கையில் மூன்று தீர்ப்புதான் உண்டு: பாஸ், ரிஜெக்ட், ஆல்டர். பாஸ் பெட்டிக்குப் போகும். ரிஜெக்ட் மூலைக்குப் போகும். ஆல்டர் மட்டும் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவரே பிரித்து, அவரே தைத்து, மறுபடி என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று லைன் முழுக்கச் சொல்வார்கள். வரத்தான் செய்யும். ஒரு டேமேஜ் பீஸ் என் கையைத் தாண்டியதில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பெருமையை ஒரு போட்டோ வந்து கெடுத்தது.

பாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். தொண்ணூற்று மூன்றில் ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கி, எண்ணெய் துடைக்கிற வேலையில் சேர்ந்தவன். இன்றைக்குத் துணி பின்னுகிற நிட்டிங் பிரிவின் ஃபிட்டர்களில் அவன்தான் பெரிய கை. வட்ட மிஷினில் ஆயிரத்துச் சொச்சம் ஊசி இருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் துணியில் கோடு விழும். நாங்கள் அந்தக் கோட்டைத் துணியில் கண்டுபிடிக்கும் முன்னால் அவன் காதால் கண்டுபிடிப்பான். சோற்றுப் போசியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பான், திடீரென்று தலையைத் தூக்கி, "நாலாம் நம்பர்ல ஒரு ஊசி போச்சுக்கா" என்பான். போய்ப் பார்த்தால் போயிருக்கும்.

அவன் சம்சாரம் ஒச்சாயி. சொந்த அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டாள். என் லைனில் ஓவர்லாக் டெய்லர். நல்லூரில் அவர்கள் குடியிருப்பது எங்கள் காம்பவுண்டில்தான், நடுவில் ஒரே ஒரு சுவர். அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அதனால் நான் சொல்கிறதில் முக்கால்வாசி கண்ணால் கண்டது, மிச்சம் ஒச்சாயி வாயால் கேட்டது.

சத்தியம் பண்ணிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

தொண்ணூற்றேழில் இங்கே ஒரு பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அப்போது பாண்டிக்கு ராட்டினம் என்றால் உயிர். எங்கே திருவிழா என்றாலும் முதல் ஆளாகப் போய் ஏறி, இறங்காமல் நாலு சுற்று சுற்றிவிட்டு வருவான். ஒச்சாயி ஆறு மாசக் கர்ப்பிணி. பஞ்சு மிட்டாயும் கையுமாகக் கீழே நிற்கிறாள். இவன் பெரிய ராட்டினத்தில் ஏறினான். உச்சிக்குப் போகிறபோது முன்னால் போட்டிருந்த தடுப்புக் கம்பி கழன்று விழுந்துவிட்டது. தொட்டி சாய்ந்து இவன் வெளியே வந்துவிட்டான். ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். நிறுத்த வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறான்! ஒச்சாயி கத்திய கத்தலில் யாரோ ஓடிப்போய் மோட்டாரை அணைப்பதற்குள் ராட்டினம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இறங்கினவன் என்ன பண்ணினான் தெரியுமா? உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் ஒழுகுகிறது, இவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு வந்தானாம். "பாத்தியா ஒச்சாயி, விடலைல்ல!" என்றானாம். அவள் அந்தக் கூட்டத்திலேயே அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்து, இனிமேல் ராட்டினத்தில் ஏறமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். ரத்தக் கையோடுதான் பண்ணினான். தலை முழுக்கப் பிசுபிசு என்று ஆகி, வீட்டுக்கு வந்து குளித்தாளாம்.

அதற்கப்புறம் ஆஷா பிறந்தாள். பாண்டி ராட்டினத்தை மட்டும் விடவில்லை, வேகத்தையே விட்டுவிட்டான். கம்பெனி டூர் போனால் எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும் காவல் அவன்தான். ஒன்பது வருஷம் அப்படி இருந்தான்.

இரண்டாயிரத்து ஆறில் முதலாளி ஜெர்மனியில் இருந்து புது நிட்டிங் மிஷின்கள் எடுத்தார். அதைப் பழக ஒரு ஃபிட்டர் பன்னிரண்டு நாள் அங்கே போக வேண்டும் என்றார்கள். பாண்டியைத்தான் அனுப்பினார்கள். இங்கிலீஷுக்குத் துணையாக, வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் தங்கதுரை கூடப் போனான். தங்கதுரை ஊத்துக்குளிப் பையன். நல்ல பையன்தான், ஆனால் வாயில் ஒன்று நிற்காது. பாண்டி திரும்பி வந்தபோது ஒச்சாயிக்கு ஒரு ஸ்வெட்டர், ஆஷாவுக்குக் கலர் பென்சில், எனக்குக்கூட ஒரு சாக்லேட் கொண்டுவந்தான். மிஷினைப் பற்றிப் பேசினான், ரொட்டியைப் பற்றிப் பேசினான், மலையில் மாட்டுக்கு மணி கட்டியிருப்பதைப் பற்றிப் பேசினான். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நாலாம் நாள் கேன்டீனில் தங்கதுரை போட்டு உடைத்தான்.

"ஆயம்மாக்கா, நம்ம பிரேக் பாண்டியண்ணன் அங்க ரோலர் கோஸ்டருல போனாருங்க! மலை உச்சியிலிருந்து!"

நான் சிரித்தேன். எதிரே பார்த்தால் ஒச்சாயி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பாண்டி பக்கத்து மேஜையில் இருந்தான். அவனிடம் போய் நின்றாள்.

"எந்தலை அம்புட்டு லேசாப் போச்சா மாமா?"

அது ஒன்றுதான் கேட்டாள். அதற்கப்புறம் அவனிடம் வாயே திறக்கவில்லை. வீட்டில் சோறு ஆக்கி வைப்பாள், தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே அந்த அமைதி தாங்கவில்லை. சண்டை போட்டால்கூட இடையில் புகுந்து விலக்கிவிடலாம், இதற்கு என்ன பண்ண?

மூன்றாம் நாள் ஓவர்லாக் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. டெய்லர் கையில் ஊசி ஏறுவது ஒன்றும் அதிசயமில்லை, என் லைனில் மாசத்துக்கு ஒன்று நடக்கும். ஆனால் லைன் பெண்கள் சும்மா இருப்பார்களா? தலையில் அடித்துப் பண்ணிய சத்தியம் பொய்த்தால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று குசுகுசுவென்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒச்சாயியும் அதைத்தான் நம்பினாள். விரலில் கட்டோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை ஆஷாவுக்கு டி.சி. வாங்கப் போறேன். ஊருக்குப் போயி சாமிகிட்ட தப்புக் கேட்டுட்டு, நாங்க அங்கிட்டே இருந்துக்கிறோம்."

"அட கெரகமே! ஒரு ஊசி குத்துனதுக்கா ஊட்டையே காலி பண்ற?"

"ஊசிக்கு இல்லக்கா. நான் உசுரோட இருக்கணும்னு நெனச்சவரு அதுல ஏறியிருப்பாரா?"

திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. பள்ளிக்கூடம் மாற்றினாள் என்றால் அப்புறம் அவள் திரும்புவது எங்கே? ஆகவே நானே பஞ்சாயத்தைக் கூட்டினேன். மறுநாள் மத்தியானம், கேன்டீனில், நாலு பேர் மட்டும்: பாண்டி, ஒச்சாயி, தங்கதுரை, நான். நாலு பேர் மட்டும் என்றுதான் நினைத்தேன், சுற்றிலும் ரசம் ஊற்றிக்கொள்கிற சாக்கில் நாற்பது பேர் நின்றார்கள்.

"சத்தியம் பண்ணுனது ராட்டினத்துல ஏற மாட்டேன்னு. இவன் ஏறுனது ராட்டினமா இல்லையா, அதைப் பாத்துப்போட்டா முடிஞ்சுது. தங்கதொரை, நீ சொல்லு, அது சுத்துமா?" என்று ஆரம்பித்தேன்.

"இல்லீங்க்கா. மலைச் சரிவுல தண்டவாளமாட்டப் போட்டிருக்குறாங்க. ஒரு ஆள் உக்கார்ற சின்ன வண்டிங்க. கயிறு மேல இழுத்துட்டுப் போயி உச்சியில விட்டுப்போடும். அப்பறமேலு வண்டி தன் பாரத்துல தானே வளைஞ்சு வளைஞ்சு கீழ வருமுங்க."

"மோட்டாரு?"

"எறங்கறதுக்குக் கிடையாதுங்க."

"தலைகீழாக் கவுக்குமா?"

"இல்லீங்க."

"அப்ப யாரு நிறுத்துவா?"

"ஒக்காந்திருக்கறவிங்களேதானுங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்குதுங்க. பிரேக் நம்ம கையிலதானுங்க."

கூட்டத்தில் யாரோ, "தண்டவாளம் இருந்தா அது ரயிலுங்க்கா" என்றார்கள். இன்னொருத்தி, "மேல ஏறிக் கீழ எறங்குறதெல்லாம் ராட்டினம்னா கெணத்து ராட்டினத்துல தண்ணி சேந்தறதும் பாவமுங்களா?" என்றாள். நிட்டிங் ஹெல்பர் ஒருவன், "சுத்தறதுதான் ராட்டினம்னா நம்ம நிட்டிங் மிஷினும் ராட்டினந்தானுங்க, அண்ணன் தெனமும் சத்தியத்த ஒடைக்கறாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒச்சாயி சிரிக்கவில்லை. பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தங்கதுரைதான் முக்கியமான சாட்சியைச் சொன்னான். அங்கே இவர்களுக்கு மிஷின் சொல்லிக்கொடுத்த ஹெர்பர்ட் என்கிற பெரியவருக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியமாம். ஊர் ஊராகப் போய் ஏறி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். நூற்று எண்பத்தாறு ஆகியிருக்கிறதாம். அன்றைக்கு மலைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். பாண்டி ஏறமாட்டேன் என்று நின்றிருக்கிறான். ஏன் என்று கேட்டதற்குத் தங்கதுரை சத்தியக் கதையை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான்.

"அவரு சிரிக்கலீங்க்கா. நோட்டை எடுத்துக் காட்டுனாரு. இந்த மலை வண்டியில நான் முப்பது தடவ போயிருக்கறேன், ஒரு தடவகூட நோட்டுல எழுதலைன்னாரு. கைப்பிடி நம்ம கையில இருந்தா அது வண்டி, அடுத்தவங்கிட்ட ஒப்படைச்சுட்டு உக்காந்தாத்தான் அது ரோலர் கோஸ்டருன்னு சொன்னாரு. இதையும் சேத்து எழுதறவிங்க இருக்கறாங்களாமுங்க. அவிங்களோட இவருக்குப் பெரிய சண்டையாமுங்க."

அட, சீமையிலும் இதே பஞ்சாயத்துதானா என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் வழி கிடைத்துவிட்டது. பாண்டி பக்கம் திரும்பினேன்.

"அவரு கணக்குல வராதுன்னு சொன்ன தைரியத்துலதான் ஏறுனயா?"

"ஆமாக்கா."

"எறங்கையில பிரேக் புடிச்சயா?"

"புடிச்சேன்க்கா" என்றான்.

அப்போது தங்கதுரை நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா, போட்டோ இருக்குதுங்க! கீழ வளைவுல ஒரு கேமரா தானே எடுக்கும். நான் கீழ எல்லார்த்து ஜெர்கினையும் புடிச்சுட்டு நின்னனுங்களா, வாங்கி வெச்சுட்டேன். எனக்குத் தலை சுத்துமுங்க, நான் ஏறலை." மாடிக்கு ஓடிப்போய் எடுத்து வந்தான். பாண்டியின் முகம் செத்துப்போனது. வெட்கம் என்று நினைத்தேன். புத்தி என்று ஒன்று இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

போட்டோவில் பச்சை மலை, வெள்ளித் தண்டவாளம், நடுவில் சிவப்பு வண்டியில் நம்ம பாண்டி. வாய் காது வரைக்கும் திறந்திருக்கிறது. இரண்டு கையும் இரண்டு கைப்பிடியையும் முன்னால் தள்ளி, அடியோடு அமுக்கிப் பிடித்திருக்கிறது. முழங்கை மடங்கவே இல்லை.

"பாரு, பாரு! பயத்துல கத்தறான் பாரு. பிரேக்கை எப்படி அமுக்கிப் புடிச்சிருக்கான் பாரு ஒச்சாயி! டி.வி.எஸ். ஃபிப்டியில புடிக்கறமாதிரியே! முழுக்க இப்படித்தான் வந்தயா பாண்டி?"

அவன் என்னைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான். "ம்" என்றான்.

"பாஸ்!" என்று மேஜையைத் தட்டினேன். "அது ராட்டினமும் இல்ல, இவன் ஓட்டுனது ஓட்டமும் இல்ல. சத்தியம் சத்தியமாத்தான் இருக்குது. போயி வேலையப் பாருங்க எல்லாரும்."

கூட்டம் கை தட்டியது. ஒச்சாயி போட்டோவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாள். பிரச்சனை தீர்ந்தது என்று நான் இரண்டாம் முறை மோர் வாங்கிக் குடித்தேன்.

சாயந்தரம் டீ வரும் நேரம். ஒச்சாயி தன் மிஷினில் இருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்தப் பெடல முன்னால அமுக்குனா மிஷினு ஓடுமா, நிக்குமா?"

"இதென்ன கேள்வி? ஓடும்."

"நிறுத்தணும்னா?"

"குதிகாலப் பின்னால இழுக்கணும். பன்னெண்டு வருசமாத் தெக்கறவ எங்கிட்டக் கேக்கறயா?"

அவள் போட்டோவை எடுத்து ஓவர்லாக் மேல் வைத்தாள். பாண்டியின் முன்னால் நீட்டிய கையை விரலால் காட்டினாள். பிறகு காற்றில் பின்னால் பறக்கிற அவன் சட்டைக் காலரைக் காட்டினாள். பிரேக் போட்டு வருகிறவனுக்குக் காலர் பறக்குமா? இருபது வருஷம் செக்கிங்! பட்டப்பகலில், நாற்பது பேர் பார்க்க, நம்பர் ஒன் டேமேஜ் பீஸுக்குப் பாஸ் போட்டுக் கை தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

"அவன..." என்று எழுந்தேன். ஒச்சாயி கையைப் பிடித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"பயத்துல கத்தறாருன்னு சொன்னீங்களேக்கா. அது கத்தலு இல்ல. எங்க மாமா சிரிப்பு. அந்த ராட்டினத்துல இருந்து ரத்தக் கையோட எறங்கி வந்தாரே, அன்னைக்குப் பாத்தது. ஒம்போது வருசமா நான் இத பாக்கல." மூக்கை உறிஞ்சினாள். "ஏறுனதக்கூட விட்டுருவேன். எல்லாரு முன்னாலயும் 'ம்'முன்னாரே, அதத்தான் தாங்க முடியல. பொய்யி சொல்றவரோட எப்புடிக் குடும்பம் பண்றது?"

நான் நேராக நிட்டிங்குக்குப் போனேன். அங்கே நூல் தூசி பறக்க, நாலாம் நம்பருக்கு அடியில் படுத்துக் கிடந்தான். காலைப் பிடித்து வெளியே இழுக்காத குறைதான்.

"பாண்டி! அமுக்குனா ஓடுமா, நிக்குமா?"

அவனுக்கு எந்த மிஷின் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கழிவுத் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஓடும்க்கா" என்றான்.

"என்னைய நாப்பது பேரு முன்னால முட்டாளாக்கிப்போட்டயே, அது போய்த் தொலையட்டும். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ பெடல் மிதிக்கறவ, உன்னையாட்ட ஆளுக பத்துப் பேருக்குச் சமம்."

"நீங்களா பிரேக்குன்னு சொன்னீங்க. அவ மொகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு. அதக் கெடுக்க மனசு வரலக்கா."

"நான் போட்ட பாஸ் செல்லாது. ரிஜெக்டும் இல்ல. ஆல்டர்! தெச்சவனே பிரிக்கணும், தெச்சவனே தெக்கணும். நானோ தங்கதொரையோ நடுவுல வர மாட்டோம். திங்கக்கெழமைக்குள்ள முடி."

வெள்ளி போனது, சனி போனது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஞாயிறு காலையில் ஊருக்குப் போகிற பை கட்டி வாசலில் வைத்திருந்தது. ஆஷா அதன் மேல் உட்கார்ந்து ஜெர்மன் கலர் பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். ஒச்சாயி குழாயடியில் விரல் கட்டு நனையாமல் ஒற்றைக் கையால் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் வாசற்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இருந்தது கால் கிலோ, ஆனால் பாண்டி குழாயடிக்கு வருவதைப் பார்த்ததும் உரித்ததையே மறுபடி உரித்தேன்.

வந்தவன் அவளுக்கு எதிரில் ஈரத் தரையிலேயே குத்தவைத்தான்.

"ஒச்சாயி, நான் அமுக்குனேன்."

அவள் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"மொத ரெண்டு வளைவு இழுத்துப் புடிச்சுத்தான் வந்தேன். மாடு நிக்கிற ஒரு எடம், மணிச் சத்தம் கேட்டுச்சு, முன்னால ஒருத்தரும் இல்ல. கை தானா முன்னால போயிருச்சு. ஹெர்பர்ட்டு சொன்னது, கணக்குல வராதுன்னது, எல்லாம் சாக்கு. பிரேக்கப் புடிச்சுக்கிட்டு வந்த வரைக்கும் அது வண்டி. அமுக்குனதுக்கப்புறம் அது ராட்டினந்தான். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் அமுக்குனேன். அன்னைக்கு ராட்டினத்துல நிறுத்தறவன் டீ குடிக்கப் போயிட்டான். இதுல நிறுத்தறவன் நாந்தான்னு ஒரு தைரியம். தப்புத்தான். நான் 'ம்'முன்னது அதவிடத் தப்பு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் என்ன நினைத்தானோ, வலது கையைத் தூக்கினான்.

"ஒந்தலையில இனிமே வைக்க மாட்டேன். எந்தலை மேல சத்தியமா..."

கை அவன் தலையைத் தொடவில்லை. ஒச்சாயி பாய்ந்து, சோப்பு நுரையோடு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். கட்டுப் போட்ட விரல் இடித்திருக்கும், ஆ என்றாள். கையை விடவில்லை.

"வைக்காதீக! ஒங்க தலைக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் அப்படியே அவளைப் பார்த்தான்.

"ஒந்தலையில வச்சப்ப... நான் இத யோசிக்கலையே ஒச்சாயி."

அழுதுவிட்டான். ஆயிரம் ஊசியில் ஒன்று உடைந்தால் கேட்கிற காதுக்காரன், பெண்டாட்டியின் பயம் ஒன்பது வருஷம் கழித்துத்தான் அவன் காதில் விழுந்தது. என் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

"நாந்தான வைக்கச் சொன்னேன்" என்றாள் அவள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு. "வயித்துல பிள்ளையோட இருந்தேன், பயத்துல கேட்டேன். நீங்க ராட்டினத்த விடுவீகன்னு பாத்தா, சிரிக்கிறதயே விட்டுட்டீக."

பிறகு அந்தச் சோப்புக் கையை விடாமலே அவள்தான் கேட்டாள்.

"எப்புடி இருந்துச்சு?"

அவன் சொன்னான். கையை வளைத்து வளைத்துக் காட்டிச் சொன்னான். மரம் எப்படி எதிரே வந்தது, வயிறு எப்படி மேலே போனது, காற்றில் கண்ணீர் எப்படிக் காதுப் பக்கம் ஓடியது என்று. ஆஷா பையை விட்டு இறங்கி வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"எறங்கையில என்னைய நெனச்சீகளா?" என்று கேட்டாள் ஒச்சாயி.

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"இல்ல" என்றான். "கீழ வந்து நின்னதுக்கப்புறந்தான்."

"நின்ன ஒடனேயா?"

நெற்றியைச் சுருக்கி, நாலாம் நம்பர் மிஷினின் சத்தத்தைக் கேட்கிற மாதிரி நிஜமாகவே யோசித்தான்.

"செத்த நேரங் கழிச்சு."

ஒச்சாயி ஈரத் துணியை எடுத்து அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு, வாய் காது வரைக்கும்.

"ஆஷா, அந்தப் பையப் பிரிச்சுத் துணிய உள்ள வைடி" என்றாள்.

நான் வெங்காயத் தோலைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.